முந்தக் கூடாத வண்டிகள்

தெற்கு அந்தமானின் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் விடிவதற்கு முன்பே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிடும். பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கக் கிளம்பிய சுற்றுலாக் கார்கள், ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் போகும் பேருந்துகள், சரக்கு லாரிகள் எல்லாம் அதில் இருக்கும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கி.மீ. தூரத்துக்கு அந்தமான் ட்ரங்க் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் புகுந்து போகிறது. குறித்த நேரங்களில் மட்டும், காவலர் துணையோடு, ஒரே தொடராகத்தான் வண்டிகளை விடுவார்கள். நடுவழியில் நிறுத்தக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, முன்னே போகிற வண்டியை முந்தக் கூடாது.

சாலை காலியாகக் கிடந்தாலும் இதே விதிதான். சீறிப் பாயக்கூடிய கார், ஊர்ந்து போகும் லாரிக்குப் பின்னாலேயே முழுத் தூரமும் போயாக வேண்டும். வரிசை குலையாமல் இருப்பதற்கு நேரத்தை விலையாகக் கொடுக்கிறார்கள். இதே பேரம் கணினி அறைகளுக்குள்ளும் நடக்கிறது. அங்கே போகிற வண்டி ஒரு தரவுத் துண்டு; அதன் நீளம் அதிகபட்சம் 2,148 பைட். சாலைக்குப் பதிலாகக் கண்ணாடி இழை. சாவடியில் நிற்கும் காவலருக்குப் பதிலாக ஒரு ஸ்விட்ச். எந்த வண்டியை எந்தச் சாலையில் விடுவது, எதை முந்த விடலாம், எதை விடக் கூடாது என்ற முடிவைத் தவறாக எடுத்தால் கணக்கு ஏடுகள் காத்திருக்கும், சில சமயம் குழம்பியும் போகும்.

வங்கியோ மருத்துவமனையோ அரசு டேட்டா சென்டரோ, பெரிய இடங்களில் சர்வர்கள் ஒரு பக்கம் இருக்கும்; அவற்றின் தரவைத் தாங்கும் வட்டுகள் தனி அலமாரிகளில் இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டையும் இணைக்கவென்றே போட்ட தனி வலையமைப்பின் பெயர் ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க். அதில் வேலை செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக ‘சான்’. மின்னஞ்சல், இணையம், பிரிண்டர் எதுவும் அந்தக் கம்பியில் போகாது. சர்வர் கேட்கும், வட்டு கொடுக்கும்; சர்வர் எழுதச் சொல்லும், வட்டு எழுதி முடித்ததாகப் பதில் சொல்லும். வேறு பேச்சே கிடையாது. பெரும்பாலான சான்கள் பேசுவது ஃபைபர் சேனல் என்ற நெறிமுறையை. 1988இல் வேலை தொடங்கி 1994இல் அமெரிக்கத் தரநிலையாக வெளிவந்தது அது.

இணையத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டி.சி.பி. என்ற நெறிமுறை அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். முன்பின்னாக வந்தால் அடுக்கிக்கொள்ளும். ஃபைபர் சேனலுக்கு அந்தச் சுபாவம் இல்லை. காரணம் அதன் வம்சாவளி. அது சுமப்பது ஸ்கஸி கட்டளைகளை. ஸ்கஸி பிறந்த இடம், பெட்டிக்குள் இருக்கும் வட்டையும் கணினியையும் இணைத்த சில மீட்டர் பட்டைக் கம்பி. அந்தக் கம்பியில் எதுவும் வழியில் தொலையாது. முந்த இன்னொரு வழியும் கிடையாது. அதே கட்டளைகளை ஸ்விட்சுகள் நிறைந்த வலையமைப்பில் விட்டபோது, கம்பியில் சும்மா கிடைத்த ஒழுங்கை வேலை மெனக்கெட்டு உண்டாக்க வேண்டியதாயிற்று. ஒரு துண்டு தொலைந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி கேட்கும் வழக்கம் பொதுவாக இங்கே இல்லை. முழுக் கட்டளையும் தோற்றதாக வைத்து, சர்வர் பெரும்பாலும் 30 அல்லது 60 வினாடி காத்திருந்து, முதலிலிருந்து தொடங்கும். தரவுத்தளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு 30 வினாடி என்பது திரை உறைந்து போன மாதிரிதான்.

பல ஸ்விட்சுகள் சேர்ந்ததை ‘ஃபேப்ரிக்’ என்பார்கள். ஒரு ஃபேப்ரிக்கில் அதிகபட்சம் 239 ஸ்விட்சுகள் இருக்கலாம். இங்கிருந்து அங்கே போகக் குறைந்த செலவான வழி எது என்பதை எஃப்.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு செலவு எண் உண்டு. 1 கிகாபிட் இணைப்புக்கு 1,000, 2 கிகாபிட்டுக்கு 500 என்று கணக்கு தொடங்கியது. செலவுகளைக் கூட்டிப் பார்த்துக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறையின் மூலம் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956இல் ஆம்ஸ்டர்டாமில் தன் வருங்கால மனைவியோடு கடைகடையாக அலைந்து களைத்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, தாளும் பேனாவும் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்தது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். நெதர்லாந்தின் 64 ஊர்களுக்கு இடையே குறுக்கு வழி கண்டுபிடித்து ஒரு புதுக் கணினியின் திறமையைக் காட்டுவதுதான் அப்போது நோக்கம். எழுதி அச்சானது 1959இல்.

டைக்ஸ்ட்ரா விட்ட இடத்தில்தான் நம் சிக்கல் தொடங்குகிறது. ஒரே செலவில் இரண்டோ நான்கோ வழிகள் இருந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒன்றில் விட்டு மற்றதைச் சும்மா போட்டு வைக்க யாருக்கும் மனம் வராது. துண்டுகளை மாற்றி மாற்றி அனுப்பலாமென்றால், இரண்டு வழிகளும் ஒரே அளவு நெரிசலில் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பின்னால் கிளம்பியது முன்னால் போய் நிற்கும். எனவே எதைப் பிரிக்காமல் ஒரே வழியில் அனுப்ப வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வழித்தேர்வுக் கொள்கை என்பதன் சாரம் இந்தத் தீர்மானம்தான். வேகம் அதற்குப் பிறகு வருகிறது.

புரொகேட் நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் இதற்கு மூன்று விடை உண்டு. முதலாவது, போர்ட் அடிப்படை. இந்தப் போர்ட்டில் நுழைந்து அந்த ஸ்விட்சுக்குப் போகிற எல்லாம் ஒரே வழியில் போகும். இரண்டாவது, சாதன அடிப்படை. அனுப்புகிறவர், பெறுகிறவர் என்ற ஜோடிக்கு ஒரு வழி. மூன்றாவது, எக்ஸ்சேஞ்ச் அடிப்படை. ஒரு கட்டளை, அதற்கான தரவு, அதற்கான பதில் மூன்றும் சேர்ந்தது ஒரு எக்ஸ்சேஞ்ச்; அதற்கென்று 16 பிட்டில் ஓர் அடையாள எண் இருக்கும். ஜோடியின் முகவரியோடு அந்த எண்ணையும் கலந்து வழியைத் தேர்ந்தெடுப்பதால், அதே சர்வர் அதே வட்டுக்கு அடுத்தடுத்து அனுப்பும் இரண்டு கட்டளைகள் வெவ்வேறு வழியில் போகலாம். ஒரு கட்டளைக்குள் ஒரு திசையில் போகும் துண்டுகள் மட்டும் பிரியவே பிரியாது. புரொகேட்டில் பெட்டியைத் திறந்ததும் இருக்கும் அமைப்பு இதுதான். சிஸ்கோவின் எம்.டி.எஸ். ஸ்விட்சுகளிலும் இயல்பான அமைப்பு இதேதான். வேண்டுமென்றால் ஜோடி அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ராத்திரியில்தான் தெரியும். ஓர் அலுவலகத்தில் நான்கு சர்வர்கள், வட்டு அலமாரியில் ஒரு போர்ட், நடுவே தலா 8 கிகாபிட்டில் இரண்டு இணைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். பதினொரு மணிக்கு ஒரு சர்வரில் பேக்கப் ஓடத் தொடங்குகிறது. சாதன அடிப்படையில் அந்த ஜோடிக்கு ஒதுங்கிய இணைப்பு நிரம்பி வழியும். அதே இணைப்பில் மாட்டிக்கொண்ட இன்னொரு சர்வர் எந்தத் தப்பும் செய்யாமல் தவிக்கும். பக்கத்து இணைப்போ பாதிகூட நிரம்பாமல் இருக்கும். வரைபடத்தில் 16 கிகாபிட் என்று எழுதியிருக்கும், கைக்குக் கிடைப்பது 8. எக்ஸ்சேஞ்ச் அடிப்படைக்கு மாற்றினால் பேக்கப்பின் ஆயிரக்கணக்கான கட்டளைகள் இரண்டு இணைப்புகளிலும் ஏறக்குறைய சமமாகச் சிதறிவிடும்.

அப்படியானால் மற்ற இரண்டு கொள்கைகளும் எதற்கு? சில பழைய சாதனங்கள் கட்டளைகளே வரிசை மாறி வந்தால் திணறும். ஐ.பி.எம். மெயின்ஃபிரேம்களின் ஃபைகான் இணைப்புகளுக்கு நீண்ட காலம் போர்ட் அடிப்படையோ சாதன அடிப்படையோதான் பரிந்துரைக்கப்பட்டது. ஜிர்க்காடாங்கின் தொடர் அவற்றுக்குத்தான் பொருந்தும்.

கவனமாக யோசிக்கிறவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். கட்டளைகள் ஒன்றையொன்று முந்தினால் தரவு குழம்பாதா? பணப் பரிமாற்றம் ஒன்றைத் தரவுத்தளம் எழுதும் விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். அது முதலில் பதிவேட்டில் ‘இன்ன கணக்கில் இவ்வளவு குறையப் போகிறது’ என்று எழுதும். பிறகுதான் கணக்கின் உண்மையான பக்கத்தை மாற்றும். பதிவேட்டுக்கு முன்னால் பக்கம் மாறிவிட்டு அந்த நொடியில் மின்சாரம் போனால், எதை நம்புவது என்றே தெரியாமல் போய்விடும். ஆனால் தரவுத்தளம் இரண்டையும் ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. பதிவேட்டை எழுதச் சொல்லிவிட்டு, ‘எழுதியாயிற்று’ என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். பதில் வந்த பிறகுதான் அடுத்த கட்டளை கிளம்பும். முதல் வண்டி போய்ச் சேர்ந்த செய்தி வந்த பின்பே இரண்டாவது புறப்படுவதால் முந்துவது என்ற பேச்சே எழாது. ஒன்றையொன்று சாராத கட்டளைகள் மட்டும்தான் ஒரே நேரத்தில் சாலையில் இருக்கும். அவற்றில் எது முந்தினால் என்ன? எக்ஸ்சேஞ்சைப் பிரிக்க முடியாத அலகாக வைத்ததன் கெட்டிக்காரத்தனம் இதுதான். மென்பொருள் தானாகவே காத்திருக்கிற இடத்தில் கோடு போட்டு, காத்திருக்காத இடத்தில் சுதந்திரம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது. வழியே நடுவில் மாறினால்? ஓர் இணைப்பு அறுந்தாலோ புதிதாக ஒன்று சேர்ந்தாலோ ஸ்விட்ச் கணக்கை மறுபடி போடும். பழைய, நீளமான வழியில் பாதித் துண்டுகள் போய்க்கொண்டிருக்க, புதிய குறுக்கு வழியில் மீதித் துண்டுகள் முந்திவிடக்கூடும். இதற்காக ‘வரிசைப்படி சேர்ப்பு’ என்று தனியாக ஒரு விசை வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால், பழைய வழி காலியாகும் வரை ஸ்விட்ச் புதியவற்றை நிறுத்தி வைக்கும், அல்லது தூக்கிப் போடும். போடாவிட்டால் மாற்றம் விரைவாக முடியும், எப்போதாவது ஓர் எக்ஸ்சேஞ்ச் சிதறும். பெரும்பாலான நவீன சர்வர்களுக்கு அந்த விசை தேவையில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போட்டு வைப்பது நம் டேட்டா சென்டர்களில் உள்ள பழக்கம். அதன் விலை ஒவ்வோர் இணைப்பு மாறும்போதும் வரும் ஒரு சிறு திணறல்.

இதுவரை சொன்னது எல்லாம் ஓர் அறைக்குள், மிஞ்சினால் ஒரு வளாகத்துக்குள் நடப்பது. தீவு என்று வரும்போது தூரம் என்ற மூன்றாவது ஆள் நுழைகிறார்.

போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,370 கி.மீ. பத்தாண்டுகளுக்கு முன் அந்தமானில் தரவை நிலப்பகுதிக்கு அனுப்பச் செயற்கைக்கோளை விட்டால் கதியில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இல் கடலடிக் கேபிள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2016 செப்டம்பரில் 1,102 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று, கொரோனா பரவலுக்கு நடுவே, காணொலி வழியாகத் திறந்து வைத்தார்கள். ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளம், செலவு சுமார் 1,224 கோடி. வேலையை நடத்தியது பி.எஸ்.என்.எல்., போட்டது ஜப்பானின் என்.இ.சி. சென்னை, போர்ட் பிளேர் இடையே 2 × 200 கிகாபிட். அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றுக்கு 2 × 100 கிகாபிட். கேபிள் வருவதற்கு முன் தீவுகள் அனைத்துக்குமான செயற்கைக்கோள் திறனைப் படிப்படியாக உயர்த்தியும் 4 கிகாபிட்டைத்தான் எட்ட முடிந்தது.

கொள்ளளவு கூடியதை எல்லோரும் கொண்டாடினார்கள். சேமிப்புத் துறைக்காரருக்கு அதைவிடப் பெரிய செய்தி தாமதம் குறைந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்க ஏறத்தாழ 72,000 கி.மீ., ஒளியின் வேகத்தில் 240 மில்லிவினாடி. பதில் வந்து சேர இன்னொரு 240. ஃபைபர் சேனலில் ஓர் எழுத்துக் கட்டளைக்கு இரண்டு முறை போய்வர வேண்டும்: ‘எழுதப் போகிறேன்’ என்றால் ‘தயார், அனுப்பு’ என்று பதில், தரவு போனதும் ‘முடிந்தது’ என்று இன்னொரு பதில். செயற்கைக்கோளில் அது ஒரு வினாடியைத் தொட்டுவிடும். கண்ணாடியில் ஒளி வினாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னைக்கு ஒரு முறை போய்வர 14 மில்லிவினாடிதான், இரண்டு முறைக்கு 28. ஒரு வினாடி எங்கே, 28 மில்லிவினாடி எங்கே!

ஆனாலும் 28 மில்லிவினாடி சின்ன எண் அல்ல. ஒவ்வோர் எழுத்தையும் சென்னையிலும் எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன் என்று ஒரு தரவுத்தளம் பிடிவாதம் பிடித்தால், ஒன்றன்பின் ஒன்றாக வினாடிக்கு 35 எழுத்துகளைத் தாண்டாது. பக்கத்து அலமாரியில் இருக்கும் ஃபிளாஷ் வட்டு ஒரு மில்லிவினாடிக்குள்ளேயே பதில் சொல்லிவிடும். இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறையை வழக்கமாக 100 கி.மீ. தூரத்தோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். வங்காள விரிகுடாவைக் கடந்து யாரும் அதை முயல்வதில்லை.

தூரத்தின் இன்னொரு தொல்லை ‘பஃபர் கிரெடிட்’. அடுத்த முனையில் இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஃபைபர் சேனல் ஒரு துண்டை அனுப்பும். இடம் இருப்பதற்கான ஒவ்வோர் அனுமதியும் ஒரு கிரெடிட். துண்டு போனால் ஒன்று குறையும், எதிர் முனையிலிருந்து ‘எடுத்துக்கொண்டேன்’ என்ற சைகை வந்தால் ஒன்று கூடும். கிரெடிட் தீர்ந்தால் கம்பி காலியாக இருந்தாலும் அனுப்ப முடியாது. வழக்கமான கணக்கு, கிகாபிட் வேகத்தைத் தூரத்தால் பெருக்கி இரண்டால் வகுப்பது. 8 கிகாபிட்டில் 1,370 கி.மீ.க்கு 5,480 கிரெடிட் வேண்டும். அறைக்குள் ஓடப் பத்து இருந்தாலே போதும். அந்தப் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடலைக் கடந்தால் 8 கிகாபிட் இணைப்பில் கிடைப்பது 12 மெகாபிட் சொச்சம். காசு கொட்டி வாங்கிய அலைவரிசை சும்மா கிடக்கும், வரைபடத்தில் ஒரு குறையும் தெரியாது.

ஆகவே இத்தனை நீளத்துக்கு ஃபைபர் சேனலை அப்படியே நீட்டுவதில்லை. துண்டுகளை ஐ.பி. பாக்கெட்டுகளுக்குள் பொதிந்து டி.சி.பி. சுரங்கம் வழியாக அனுப்புவார்கள். இதற்கான இணையத் தரநிலை, எஃப்.சி.ஐ.பி., 2004இல் வந்தது. இரண்டு கரையிலும் இதற்கென்றே பெட்டிகள் இருக்கும். ‘தயார், அனுப்பு’ என்ற பதிலுக்காகக் கடல் தாண்டிக் காத்திருக்க வேண்டாம் என்று இக்கரைப் பெட்டியே அந்தப் பதிலைச் சொல்லிவிடும் உத்தியும் உண்டு. இரண்டு பயணம் ஒன்றாகிவிடும், 28 மில்லிவினாடி 14 ஆகும்.

இந்த உத்தி எக்ஸ்சேஞ்ச் அடிப்படையின் காலை வாரிவிடும் என்பதைப் பலர் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இக்கரையில் சம செலவில் இரண்டு சுரங்கங்கள் இருந்தால், ஸ்விட்ச் ஒரு கட்டளையை முதல் சுரங்கத்தில் அனுப்பும். அக்கரை ஸ்விட்ச் தன் பங்குக்குத் தனியாகக் கணக்குப் போட்டு, அதன் பதிலை இரண்டாவது சுரங்கத்தில் திருப்பலாம். முன்கூட்டியே பதில் சொல்லிவைத்த பெட்டிக்கு அந்தக் கட்டளை என்ன ஆனது என்றே தெரியாது. அறைக்குள் பிழையே இல்லாத கொள்கை, கடலோரத்தில் பிழையாகிறது. அதனால் தொலைதூர இணைப்புகளில் பல சுற்றுகளைக் கட்டி ஒரே சுரங்கமாக வைத்துக்கொள்கிறார்கள், அல்லது அந்தப் பக்கத்துக்கு மட்டும் சாதன அடிப்படைக்குத் திரும்புகிறார்கள். எந்தக் கொள்கை நல்லது என்று பொதுவாகக் கேட்கிறவருக்கு இதைத்தான் காட்ட வேண்டும். ஸ்விட்சுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பாராமல் பதில் சொல்ல முடியாது.

எழுதி முடித்துவிட்டு நகலைப் பிறகு அனுப்பும் முறைக்கு மாறினால் இன்னொரு ஓட்டை திறக்கிறது. எக்ஸ்சேஞ்சுகள் முந்தினாலும் பரவாயில்லை என்று சொல்ல முடிந்தது, தரவுத்தளம் பதிலுக்காகக் காத்திருந்ததால். இப்போது பதிலை உள்ளூர் வட்டே சொல்லிவிடுகிறது. தரவுத்தளம் அடுத்ததற்குப் போய்விடும். பதிவேட்டின் நகலும் பக்கத்தின் நகலும் ஒரே நேரத்தில் கடலில் இருக்கலாம். பக்கம் முதலில் சென்னை போய்ச் சேர்ந்து, பதிவேடு வருவதற்குள் தீவில் விபத்து நடந்தால், சென்னையில் இருக்கும் நகல் குப்பை. வழித்தேர்வு கைவிட்ட பொறுப்பை இங்கே வட்டு அலமாரியே ஏற்றுக்கொள்கிறது. ஹிட்டாச்சியின் அலமாரிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசை எண் போட்டு ஒரு குறிப்பேட்டில் சேர்த்து அனுப்பும். மறுமுனையில் எண் வரிசைப்படிதான் எழுதுவார்கள். இ.எம்.சி.யின் எஸ்.ஆர்.டி.எஃப்./ஏ வேறு மாதிரி. 30 வினாடி எழுத்துகளை ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டை முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகே அதை நகலில் சேர்க்கும். மூட்டைக்குள் எது முந்தினாலும் கவலையில்லை. விபத்து நடந்தால் கடைசி ஒரு நிமிடம் போகலாம், ஆனால் மீதி சுத்தமாக இருக்கும்.

விபத்து என்பது இந்தத் தீவுகளில் ஏட்டுச் சொல் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவிலான நிலநடுக்கம் சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை பிளந்துகொண்டே வந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. தொலைபேசி அற்றுப்போன அந்த நாட்களில் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியவர்களில் அமெச்சூர் ரேடியோக்காரர்களும் இருந்தார்கள். ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையிலான குழு வேறொரு வானொலி நிகழ்ச்சிக்காக அந்த மாதத் தொடக்கத்திலேயே அங்கு வந்திருந்தது. அன்றே வேலையை மாற்றிக்கொண்டது. கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைத்தது. நொடிக்குச் சில சொற்களே போகக்கூடிய வழி அது. எந்தச் செய்தி முதலில் என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

அதே புவித்தட்டு விளிம்பின் மேல்தான் இன்று கேபிள் கிடக்கிறது. 2 × 200 கிகாபிட் என்பதில் இருக்கும் இரண்டைப் பார்த்து இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் ஒரே கடலடிப் பாதை. 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்து, ஃபிஜியோடு இணைத்த ஒற்றைக் கேபிள் அறுந்தபோது டோங்கா ஐந்து வாரம் ஏறக்குறைய துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. தைவானின் மாட்சு தீவுகளுக்கு இரண்டு கேபிள்கள் இருந்தன. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டுமே அறுந்தன. மார்ச் கடைசி வரை மைக்ரோவேவ் இணைப்பை வைத்துச் சமாளித்தார்கள்.

அந்தமானில் கேபிள் அறுந்தால் கையில் மிஞ்சுவது செயற்கைக்கோள். 400 கிகாபிட்டுக்குப் பதில் பழைய 4 கிகாபிட் என்று வைத்தால் நூறில் ஒரு பங்கு. அப்போது வழித்தேர்வுக் கொள்கையின் பொருளே மாறிவிடுகிறது; எதை எந்த வழியில் விடுவது என்பது போய், எதை விடாமல் நிறுத்துவது என்றாகிறது. சான் ஸ்விட்சுகளில் போக்குவரத்தை உயர், நடு, தாழ் என்று மூன்றாகத் தரம் பிரிக்க வசதி உண்டு. சுனாமி எச்சரிக்கைக் கருவிகளின் அளவீடு, மருத்துவமனைப் பதிவு, வங்கிப் பதிவேடு ஆகியவை முதலில். இரவு பேக்கப்பும் கண்காணிப்புக் கேமராக்களின் பதிவும் கடைசியில், அல்லது கப்பல் வந்து கேபிளைப் பழுது பார்த்து முடிக்கும்வரை இல்லவே இல்லை. இந்தத் தரப்பிரிவை அறுந்த பிறகு உட்கார்ந்து போட முடியாது. ஏனென்றால் ஸ்விட்சின் அமைப்பை மாற்றப் போகும் பொறியாளரே அந்த ஒடுங்கிய வழியில்தான் உள்நுழைய வேண்டும்.

கொள்கையை மாற்றும் வேலையும் நினைத்த நேரத்தில் செய்கிற ஒன்றல்ல. புரொகேட் ஸ்விட்சில் வழித்தேர்வுக் கொள்கையை மாற்ற முதலில் ஸ்விட்சையே முடக்க வேண்டும்; அதன் வழியே போகும் எல்லாமே நிற்கும். இதனால் ஒழுங்கான இடங்களில் ‘ஏ’, ‘பி’ என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு ஃபேப்ரிக்குகள் இருக்கும். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டுக்கும் ஒவ்வொரு கம்பி போகும். பேக்கப் ஓடாத நேரமாகப் பார்த்து, சர்வர்களின் மல்ட்டிபாத் மென்பொருள் எல்லாவற்றையும் ‘பி’ வழியாக அனுப்புகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, ‘ஏ’வை முடக்கி, கொள்கையை மாற்றி, மறுபடி எழுப்புவார்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, பிழைக் கணக்கு எண்கள் ஏறவில்லை என்றால் அடுத்த இரவு ‘பி’. தீவில் இருக்கும் ஸ்விட்சை மாற்றினால், அதே இரவில் சென்னையில் இருக்கும் அதன் இணையையும் அதே கொள்கைக்கு மாற்றுவது நல்லது. இரு கரையும் இரு விதமாக வழி பிரித்தால், முன்னே சொன்ன திசை மாறும் பதிலைத் தேடிக்கொண்டு இரண்டு ஊரிலும் ஆட்கள் விழித்திருக்க வேண்டிவரும்.